கயிறு பிடிக்கிறவன்

சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டியான திருமேனி அன்று காலை மந்திரம் சொல்ல மாட்டேன் என்று கரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ‘கட்டியாச்சு’ என்று சொல்லாமல் அந்தக் கரையில் ஒருத்தனும் முத்துச் சிப்பிக்கு முழுக மாட்டான். தோணிகள் சும்மா ஆடிக்கொண்டு கிடந்தன. பறங்கிக் கப்பித்தான் தன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாசியை விட்டு முதலில் கேட்டுப் பார்த்தான், பிறகு மிரட்டினான். பொழுது உச்சிக்கு ஏறுமுன் சொல்லாவிட்டால் குடிசைகளுக்குத் தீ வைப்பானாம்.

வினை முந்தின நாளே தொடங்கிவிட்டது. முழுகுகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பது அங்கே வழக்கம். தங்கையின் தாலி அறுபட எந்த அண்ணன் சம்மதிப்பான்? அடியிலிருந்து ஒரு சுண்டு சுண்டினால் போதும், மேலே இருப்பவன் உயிரைக் கொடுத்து இழுப்பான். கப்பித்தானுக்கு அது பொறுக்கவில்லை. கூடை நிரம்புமுன் தூக்கிவிடுகிறார்கள் என்று மச்சான்மாரைச் சவுக்கால் அடித்துக் கரைக்கு விரட்டினான். கயிறுகளைத் தன் சிப்பாய்களிடம் கொடுத்தான். சாயங்காலம் பாதிப் பேர் காதில் ரத்தத்தோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை.

திருமேனியின் சீடன் கூத்தன். குருவைவிடப் பத்து வயது மூத்தவன். அதைச் சொல்லிச் சிரித்துச் சிரித்து ஊருக்கே அலுத்துப்போயிருந்தது. முதுகில் சவுக்குத் தடம் ஆறாமல் குருவின் முன்னால் வந்து நின்றான். அவன் தங்கை புருஷன் மாசாணம், முழுகுகிறவன், தோணியில் காத்திருந்தான்.

“மந்திரத்தை நான் சொல்லட்டா, சாமி?”

திருமேனி நிமிர்ந்தார். “யார் சொல்லச் சொன்னது, கூத்தண்ணே?”

கூத்தன் மென்று விழுங்கிச் சொன்னான். துபாசி அவனைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். கூத்தன் மந்திரம் சொன்னால் இனி அவனே கடல்கட்டி. மாசாணத்தின் கயிற்றை மட்டும் அவனே பிடித்துக்கொள்ளலாம். மற்றக் கயிறுகள் சிப்பாய்களிடம்தான்.

“மாசாணம் பொழச்சுக்கிடுவான், சாமி.”

“பொழச்சுக்கிடுவான்.”

“தங்கச்சி மாசமா இருக்கா.”

“தெரியும்.”

“சொல்லாட்டிக் குடிசையெல்லாம் போயிரும். அப்புறமும் விடவா போறான்?”

“விட மாட்டான்.”

“அப்போ சொல்லட்டா, வேண்டாமா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுமேன்.”

திருமேனி எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். கூத்தனைக் கூட்டிக்கொண்டு கப்பித்தானின் தோணியில் போய் ஏறினார். என் சீடன் மந்திரம் சொல்வான் என்று துபாசியிடம் சொன்னார். ஆனால் புதுக் கடல்கட்டியை யார் நியமிக்கிறாரோ அவர்தான் முதல் முழுக்கு போட வேண்டும், அவர் கயிறு புதுக் கடல்கட்டியின் கையில் இருக்க வேண்டும், அது வழக்கம் என்றார்.

அப்படி ஒரு வழக்கம் இல்லை.

கேட்டதும் கப்பித்தான் சிரித்தான். எத்தனையோ கடல் தாண்டி வந்தவனுக்கு இந்த ஆழமா பெரிசு? சிப்பாய்களும் சிரித்தார்கள். சப்பாத்தைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஆழத்துக்கு இழுக்கும் முழுக்குக் கல்லின் மேல் ஒரு காலை வைத்தான். மறுமுனையைக் கூத்தன் வாங்கிக்கொண்டான்.

சுற்றியிருந்த தோணிகளில் முழுகுகிறவர்கள் இடுப்பில் கயிற்றோடு எழுந்து நின்று பார்த்தார்கள்.

கப்பித்தான் மூச்சை உள்ளே இழுத்தான். இழுத்தவன், கயிறு பிடித்திருந்தவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். கூத்தன் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். தோளைத் தாண்டி இறங்கியிருந்த சவுக்குத் தடத்தையும் அந்த முகத்தையும் கப்பித்தான் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்திலேயே சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். இருந்தும் கல்லிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

அதை எல்லாத் தோணிக்காரர்களும் பார்த்தார்கள். மாசாணம் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சிப்பாயின் காலடியில் போட்டான். அடுத்த தோணியில் இன்னொருவன் அவிழ்த்தான். பிறகு யாருடைய இடுப்பிலும் கயிறு இல்லை.

கப்பித்தான் கரையைப் பார்த்துக் கத்தினான். துபாசி அதைத் தமிழில் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முதலில் புகைந்தது திருமேனியின் குடிசை. பெண்கள் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தங்கையைப் பார்த்த பிறகுதான் கூத்தனுக்கு உயிர் வந்தது.

“நான் கேட்டதுக்கு நீர் இன்னும் பதில் சொல்லலையே, சாமி.”

“அவன் இறங்கியிருந்தா?” என்றார் திருமேனி. “அடியிலேர்ந்து சுண்டியிருந்தா, இழுத்திருப்பீரா?”

கூத்தன் இன்னும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

திருமேனி எரிகிற கூரையைக் காட்டினார்.

“கூரையத் திரும்ப வேஞ்சுக்கிடலாம், அண்ணே. முந்தாநாள் வரைக்கும் இந்தக் கடல்ல, நம்பலாமான்னு கயிறு பிடிக்கிறவன் மூஞ்சியப் பாத்துட்டு எவனும் இறங்கினதில்ல.”