உறைபனியில் டாஃபடில்

“என்ன சொன்னா என் மக எந்திரிப்பா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

கேட்டவர் சுந்தரமகாலிங்கம். வத்தலக்குண்டில் முப்பத்துநாலு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தில் அவர் ‘நிமிர்ந்து நில்’ என்று ஒரு குரல் கொடுத்தால், ரோட்டில் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கி நிமிர்ந்து நிற்பான் என்பார்கள்.

மகள் கயற்கண்ணி மட்டும் நிமிரவில்லை. அரசாங்க வேலைக்கான பரீட்சையில் மூன்றாம் தடவையும் தோற்றுப்போய், ஐந்து மாதமாக அறைக்குள்ளேயே கிடக்கிறாள்.

நாச்சியாரம்மா கொடைக்கானல் மலையில் சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்துகிறவர். வாத்தியாரைவிட இருபது வயது இளையவர். இந்தப் பெண் நமக்கு என்ன சொல்லிவிடப் போகிறார் என்றுதான் வாத்தியாருக்கு முதலில் தோன்றியது. ஆனால் மகளுக்காக அவர் போகாத இடமில்லை, பார்க்காத ஆளில்லை; கடைசியில்தான் இங்கே வந்திருந்தார்.

“நீங்க இதுவரைக்கும் என்ன சொன்னீங்க சார்?”

“சொல்லாதது எதும்மா? எந்திரி, முகத்தைக் கழுவு, தோத்தவங்க எல்லாம் இப்படியா கெடக்காங்கன்னு தெனமும் காலையில அஞ்சரைக்குக் கதவைத் தட்டிச் சொல்றேன். அவங்கம்மா வேண்டாம்னுதான் சொல்றா. நான் விடுறதில்ல.”

நாச்சியாரம்மா தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார்.

“டாஃபடில் பூத்திருக்கு. ஒரு வாரம் இருந்து பாத்துக்கோங்க.”

மாசியில் பூக்க வேண்டிய குளிர்தேசத்துப் பூ. இந்த வருஷம் என்ன அவசரமோ, மார்கழியிலேயே மஞ்சள் மஞ்சளாக வந்து நின்றது. நாற்பது செடி. மலையில் உறைபனி விழுகிற மாதம் அது. சாயங்காலமானால் ஒவ்வொன்றின் மேலும் கூடையைக் கவிழ்க்க வேண்டும். வெயில் வந்ததும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகளைப் பற்றிக் கேட்டால் பூவைக் காட்டுகிறார்களே! ஆனாலும் ஏற்றுக்கொண்ட வேலையில் குறை வைக்கிற ஆளில்லை அவர். மூன்றாம் நாளே அந்தப் பூக்கள் மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாதபோது ‘சபாஷ்’ என்றுகூடச் சொன்னார்.

ஐந்தாம் நாள், கேரட் பிடுங்கப் போனவர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ராத்திரிதானே என்று வாத்தியாரும் இருந்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. நாற்பது செடியும் தலையைத் தரையில் போட்டுக் கிடந்தன.

வாத்தியார் குச்சியும் சணலும் எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு தண்டை நிமிர்த்திக் குச்சியோடு சேர்த்துக் கட்டப் போனார்.

படக்கென்று ஒடிந்தது.

அடுத்ததை இன்னும் மெதுவாகப் பிடித்தார். அதுவும் ஒடிந்தது.

மூன்றாவதை நோக்கிக் கை போனபோது, அம்மா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து நின்றார்.

“குச்சியக் கீழ போட்டுட்டு உக்காருங்க சார்.”

“எல்லாம் சாகக் கெடக்குது, நீங்க காப்பி குடிக்கச் சொல்றீங்களே!”

“தண்டுக்குள்ள தண்ணி உறைஞ்சிருக்கு. இப்பத் தொட்டா ஒடியத்தான் செய்யும்.”

“அப்ப நான் என்னதான் செய்யுறது?”

“பக்கத்துல இருங்க.”

இருந்தார். சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. இரண்டு தடவை ‘நிமிரு, நிமிரு’ என்று முணுமுணுத்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எட்டரை மணிக்கு மலை முகட்டைத் தாண்டி வெயில் வந்தது. இலை நுனிகளில் தண்ணீர் சொட்டியது. வெகுநேரம் வேறொன்றும் நடக்கவில்லை. அவர் காப்பி அப்படியே ஆறிப்போனது.

பிறகு, ஓரத்தில் கிடந்த ஒரு பூ தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது.

வாத்தியார் அசையவில்லை.

பத்தரை மணிக்குள் ஒவ்வொன்றாக எல்லாமே எழுந்து நின்றுவிட்டன. அவர் தொட்ட இரண்டைத் தவிர.

அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். அம்மா பார்க்கிறார் என்கிற வெட்கம்கூட அவருக்கு இல்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வத்தலக்குண்டுக்கு அடுத்த பஸ் எப்பம்மா?”

“பன்னெண்டு மணிக்கு. போயி மககிட்ட என்ன சொல்லப் போறீங்க?”

ஒடிந்த பூ இரண்டையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்லப் போறதில்லம்மா. அவ ரூம்ல கெழக்குப் பாத்து ஒரு ஜன்னல் உண்டு. படிக்கிற புள்ளைக்கு வேடிக்கை எதுக்குன்னு, நான்தான் பீரோவை இழுத்துப் போட்டு அடைச்சு வச்சிருக்கேன்.”