பூட்டிய சுமைதாங்கி

“என் வாயைக் கட்டிவிட்டுருங்க சாமி” என்றான் வெள்ளைக்கண்ணு.

எள்ளுக்காட்டுச் சாமி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஈர விறகு. ஊதி ஊதிக் கண் சிவந்திருந்தது.

“எதுக்கு?”

“இனிமே நான் பாடக் கூடாது. பேசவும் வேண்டாம். மௌன தீட்சை குடுங்க. இங்கயே ஒரு மூலையில கிடந்துக்கிறேன்.”

சாமி ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

சாமி என்றதும் தாடியையும் சடையையும் தேட வேண்டாம். அவர் ஒரு பெண். வெள்ளைக்கண்ணுவைவிட வயதில் சின்னவர். மொட்டைத் தலை, ஒரு காவிச் சேலை, படபடவென்று பேச்சு. செவ்வூரணிக்கு வெளியே எள்ளுக்காட்டில் குடிசை போட்டு, அந்த வழியாகப் போகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தார். உபதேசம் கேட்டு வந்தவர்களுக்கும் கஞ்சிதான் கிடைக்கும்.

வெள்ளைக்கண்ணு யார் என்று அந்தச் சீமையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டித் தெம்மாங்கு பாடுகிறவன். ஒரு காலத்தில் அவன் மேடை ஏறினால் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

எல்லாம் அவன் பெண்டாட்டி பூமயிலைக் கேலி செய்கிற பாட்டுகள்.

கல்யாணமான புதிதில் அவள் வைத்த மீன் குழம்பில் தண்ணீர் கூடிப்போனது. அவன் சட்டியைத் துழாவிக்கொண்டே பாடினான்:

“மீன் குழம்பு வச்சவளே, மீனு எங்கடி போச்சு?”

அடுப்படியிலிருந்து யோசிக்காமல் பதில் வந்தது:

“மேல தண்ணி ஊத்துனேன், நீந்தி ஓடிப் போச்சு.”

அதுதான் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு. பாதி அவளுடையது. திருவிழா மேடையில் அவன் கேள்வியைப் பாடி நிறுத்துவான். கூட்டத்தில் இருக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து பதிலைப் பாடுவார்கள். பூமயில் முன்னால் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

வெகுகாலம் காத்துக் கிடந்து அவளுக்கு ஒரு பிள்ளை தங்கியது. நிறைமாதம்வரை வந்தது. பிள்ளையும் பிறக்கவில்லை, அவளும் பிழைக்கவில்லை.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தோள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவிட ஆள் தேட வேண்டாம். சுமையை அதன்மேல் சாய்த்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்தலாம்.

சுமையோடு போய்ச் சேர்ந்தவள் அல்லவா? வழியே போகிறவர்களின் சுமை அந்தக் கல்லில் இறங்க இறங்க, அவள் சுமையும் இறங்கும் என்பது சனங்களின் நம்பிக்கை.

வெள்ளைக்கண்ணுவும் வைத்தான். மலைக்கும் செவ்வூரணிக்கும் நடுவே, ஒரு பொட்டு நிழல் இல்லாத பாதையில், பூமயில் என்று பேர் வெட்டி வைத்தான்.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனான். விறகு எடுத்து வந்த பெண்கள் கல்லில் கட்டுகளைச் சாய்த்துவிட்டு, உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மீன் குழம்புப் பாட்டை எடுத்துவிட்டாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

 என் பூமயில் மண்ணுக்குள் கிடக்கிறாள், இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அவனுக்குத் தோன்றியது.

கொல்லனை வரச் சொன்னான். கல்லைச் சுற்றி இரும்பு வேலி வந்தது. மேலே தகரக் கூரை வந்தது. பூட்டைப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை தவறாமல் போவான். திறப்பான், கல்லைக் கழுவுவான், விளக்கேற்றி மாலை போடுவான், அழுவான், பூட்டிவிட்டு வருவான்.

சிரிப்புப் பாட்டையும் அன்றோடு விட்டான். அழுகிற பாட்டாகக் கட்டினான். நன்றாகத்தான் கட்டினான், அதில் குறை சொல்ல முடியாது. பட்டணத்து மன்றங்களில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சலவைச் சட்டைக்காரர்கள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு கை தட்டினார்கள். சிரிக்க வைக்கிறவனைவிட அழ வைக்கிறவனுக்கு அங்கே நாற்காலி உயரம்.

ஊர்ச்சனம்தான் பாவம். ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவர்கள். அவன் பாடி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

“இப்ப என்ன வந்துச்சு?” என்று கேட்டார் சாமி.

செவ்வூரணிக்காரர்கள் வந்திருந்ததைச் சொன்னான். பூமயில் பிறந்த ஊர் அது. மழை பொய்த்துவிட்டது, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, விதைத்ததெல்லாம் கருகிவிட்டது, சனம் சிரித்து நாளாகிறது, அம்மன் பொங்கலுக்கு வந்து அந்தப் பழைய பாட்டைப் பாடுங்கள் மாப்பிள்ளை என்று கேட்டார்களாம். இவன் அவர்களை வாசலோடு விரட்டியடித்துவிட்டான்.

விரட்டிவிட்டு வந்து, மனம் ஆறட்டும் என்று அழுகிற பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறான். அதுவும் வரவில்லை. அன்றிலிருந்து எதுவுமே வரவில்லை.

“சிரிப்புப் பாட்டைப் பாடுனா அவளை மறந்துட்டேன்னு ஆயிரும் சாமி. அவ கல்லு மேல ஏறி ஆடுற மாதிரி. அழுகுற பாட்டும் தொண்டையை விட்டு வரமாட்டேங்குது. ரெண்டும் இல்லாத வாய் எனக்கு எதுக்கு?”

சாமி இன்னொரு ஈர விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

“கட்டிருவோம். அது ஒண்ணும் பெரிய வேலை இல்லை. ஆனா வெறும் வயித்துல கட்டக் கூடாது. கஞ்சி குடிக்கணும். கஞ்சி வேகணும்னா காஞ்ச விறகு வேணும். மலையில போயி ஒரு கட்டு எடுத்துட்டு வாங்க.”

“அவ்வளவுதானா சாமி?”

“வழியில தரையில மட்டும் எறக்கிராதீங்க. ஒத்தை ஆளாத் திரும்பத் தூக்க முடியாது. நடுவழியில ஒரு சுமைதாங்கி இருக்குல்ல? அதுல வச்சு இளைப்பாறிட்டு வாங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாமி மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கிவிட்டார்.

மலையில் காய்ந்த விறகுக்குப் பஞ்சமில்லை. கட்டித் தூக்கிவிட ஆளும் இருந்தது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு அவன் தெம்பாகத்தான் கிளம்பினான்.

கொஞ்ச தூரத்திலேயே கழுத்து விண் விண் என்று தெறித்தது. பாட்டுக்காரன் கழுத்து மாலைக்குப் பழகியது, விறகுக்குப் பழகியதில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் கட்டைப் பிடித்திருந்தன.

தூரத்தில் தகரக் கூரை மினுங்கியது. அவன் போட்ட கூரை.

முன்னால் ஒரு பெண் விறகுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். வேலியருகே போனதும் நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவன் பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது, நிறைமாதக்காரி.

காலடிச் சத்தம் கேட்டு, “அண்ணே, இதை எறக்க ஒரு கை குடுங்க” என்றாள். தலையைத் திருப்ப முடியாததால் அவன் கால் மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.

“என் தலையிலயும் கட்டு இருக்கு தாயி.”

“அப்ப விடுங்க.”

“இந்தக் கல்லுல வைக்க வேண்டியதுதானே?” என்று அவனை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

“பூட்டிக் கிடக்குல்ல. பாட்டுக்காரரு பூட்டி வச்சிருக்காக. பொண்டாட்டி மேல அம்புட்டுப் பிரியம்.”

குறையாகச் சொல்லவில்லை. மெய்யாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

அவள் கம்பியை விட்டாள். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பாமலே சொன்னாள்:

“அந்த அக்காதான் பாவம். இன்னமும் சுமந்துக்கிட்டே நிக்கிறாக.”

அவள் போய்விட்டாள்.

வெள்ளைக்கண்ணு அங்கேயே நின்றான். சாவி இடுப்பில் இருந்தது. பூட்டு முழங்கால் உயரத்தில் இருந்தது. தலைச்சுமையோடு குனிந்து அதைத் திறக்க முடியாது. சுமையை இறக்கி வைக்க, பூட்டிய கல்லைத் தவிர அந்தப் பாதையில் வேறு இடமும் இல்லை.

கம்பிக்கு உள்ளே அவன் போட்ட மாலை வாடித் தொங்கியது. அவனுக்கு அழுகை முட்டியது. அழுதால் கட்டு ஆடும் என்று அதையும் அடக்கிக்கொண்டு நடந்தான்.

குடிசை வாசலுக்கு வந்தபோது அவன் கால் பின்னியது.

“எங்க எறக்குனீங்க?” என்று கேட்டார் சாமி.

“எங்கயும் எறக்கலை.”

“சுமைதாங்கி?”

“பூட்டியிருக்கு.”

“அடப் பாவமே. சாவி யாருகிட்ட இருக்காம்?”

அவன் விறகுக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

 சாமி சுமையை இறக்கக் கை கொடுக்கவில்லை. எதிரில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கழுத்து நடுங்கியது. வேர்வையோடு கண்ணீரும் சேர்ந்து தாடையில் சொட்டியது.

“என்கிட்டத்தான்” என்றான் வெள்ளைக்கண்ணு.

சாமி உடனே இரண்டு கையையும் நீட்டிக் கட்டை வாங்கிக் கீழே போட்டார்.

அவன் சரிந்து உட்கார்ந்தான். குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதான். சாமி ஒரு செம்புத் தண்ணீரை அவனிடம் கொடுத்துவிட்டுக் குடிசைக்குப் பின்னால் போனார். வரும்போது கையில் ஒரு கடப்பாரை இருந்தது.

“கஞ்சி வேக நேரமாகும். அதுக்குள்ள போயிட்டு வாங்க.”

வேலி ஆழமாக ஊன்றிய வேலி. பிரியத்தோடு ஊன்றியது, லேசில் பெயரவில்லை. பூட்டைத் திறந்து புதருக்குள் வீசினான். கதவைக் கழற்றினான். ஒவ்வொரு கம்பியாகப் பெயர்த்தான். கையெல்லாம் கொப்புளம். கடைசிக் கம்பியையும் கூரையையும் சாய்த்து முடிக்கும்போது மறுநாள் வெயில் ஏறிவிட்டது.

வாடிய மாலையை எடுத்துப் போட்டான். விளக்கை எடுத்தான். பூமயில் என்ற பேர் வெயிலில் தெரிந்தது.

விறகுப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். வேலி இல்லாததைப் பார்த்து நின்றார்கள். பக்கத்தில் அவன் நிற்பதைப் பார்த்ததும் ஒருத்திக்கும் கிட்டே வரத் துணிவில்லை. தலைக்கட்டோடு அப்படியே நின்றார்கள்.

“வைங்கம்மா” என்றான்.

யாரும் வைக்கவில்லை.

கடைசியில் அந்த நிறைமாதக்காரிதான் முன்னால் வந்தாள். கல்லோடு கல்லாக ஒட்டி நின்று, தலையைச் சாய்த்து, கட்டை அதன்மேல் நகர்த்தினாள். விறகு தொம்மென்று உட்கார்ந்தது. கழுத்தை நிமிர்த்தி, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“அப்பாடா” என்றாள்.

அதைக் கேட்டதும் வெள்ளைக்கண்ணு கையிலிருந்த கடப்பாரையைக் கீழே போட்டான். பூமயில் சொல்லாமலே போன சொல் அது.

ஒருத்தி கட்டுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி கட்டு. இடம் கிடைக்காதவர்களுக்கு முந்தியவர்கள் கை கொடுத்து இறக்கினார்கள். எல்லாரும் கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. வெற்றிலைப் பையை அவிழ்க்கவில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். அவன் இருக்கிறானே என்ற மரியாதை.

அந்த மரியாதை அவனுக்கு வலித்தது. இந்த இடத்தில் இந்த மௌனத்தைக் கொண்டுவந்து வைத்தது அவன்தான்.

அவன் தொண்டையைச் செருமினான்.

“மீன் குழம்பு வச்சவளே…”

குரல் கரகரத்தது. காறிவிட்டு மறுபடி எடுத்தான்.

“மீன் குழம்பு வச்சவளே, மீனு எங்கடி போச்சு?”

பாடிவிட்டு நிறுத்தினான். எப்போதும் நிறுத்துகிற இடம்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  காற்றில் தகரம் மட்டும் கடகடத்தது. அவன் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து பதில் வராது என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு முழுதாக உறைத்தது.

நிறைமாதக்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகப் பாடினாள்:

“மேல தண்ணி ஊத்துனேன், நீந்தி ஓடிப் போச்சு.”

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. பிறகு அடக்க முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். கண்ணீர் வழிய வழிய வெள்ளைக்கண்ணுவும் சிரித்தான். சிரிப்பு முடியும் முன்னே அடுத்த அடியை எடுத்தவன், குரல் உடைந்து பாதியில் நின்றுவிட்டான்.

பாதையில் எள்ளுக்காட்டுச் சாமி வந்துகொண்டிருந்தார். தலையில் கஞ்சிப் பானை. ஆவி பறந்தது.

வந்தவர் நேரே கல்லுக்குப் போனார். நிறைமாதக்காரி தன் கட்டைக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். சாமி பானையைப் பூமயில் பேருக்கு மேலே இறக்கிவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார். “அடுத்ததைப் பாடுங்க. கஞ்சி ஆறணும்ல?”