சித்திரை வெயிலில் கம்பளிக் காலுறை

"எல்லாச் சரக்கும் வித்துப்போச்சு அம்மா. இந்த மூட்டையை வாங்க மட்டும் ஆள் இல்லை."

அமெரிக்க வியாபாரி நத்தானியேல் சொன்னதை, துபாஷி அரங்க முதலியார் தமிழில் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் பூரணத்தம்மாள். சென்னப்பட்டணத்துக் கடற்கரையில் நாலு கீற்று நிழல்தான் அவள் மடம். படகுக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் குரு.

மூட்டை நிறையக் கம்பளிக் காலுறைகள். பாஸ்டனில் கப்பல் கிளம்பும்போது, அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சரக்கைக் கொடுத்து, போகிற ஊரில் விற்றுவரச் சொல்வார்கள். புருஷனைக் கடலுக்குப் பறிகொடுத்த ஹன்னா, பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து இவற்றைப் பின்னிக் கொடுத்தாள். இந்த மகராசனும் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டான்.

சித்திரை மாதத்தில் கம்பளி! கடைத்தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது.

நாளைக்குக் கப்பல் கிளம்புகிறது. மூட்டையோடு போய் ஹன்னாவின் முகத்தில் விழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. கடலில் போட்டுவிட்டு, விற்றதாகச் சொல்லிக் கைக்காசைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பூரணத்தம்மாள் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க."

தயங்கித் தயங்கிக் கழற்றினான்.

"தண்ணி வரைக்கும் போயிட்டு வரச் சொல்லுங்க."

உச்சி வெயில். நாலு எட்டு வைத்திருப்பான். அப்புறம் அவன் போனதை நடை என்று சொல்ல முடியாது. ஒற்றைக் காலில் குதித்தான், கால் மாற்றிக் குதித்தான். தொப்பி ஒரு பக்கம் பறந்தது.

எதிரே படகு இழுத்துக்கொண்டிருந்தவர்களும் கால் மாற்றி மாற்றித்தான் நின்றார்கள். வந்த நாளாக அவர்களைப் பார்த்திருக்கிறான். இந்த ஊர்க்காரர்கள் ஆடிக்கொண்டே வேலை செய்கிற குஷிப் பேர்வழிகள் என்று நினைத்திருந்தான்.

அலறிக்கொண்டு நிழலுக்கு ஓடி வந்தான். மூட்டையைப் பிரித்து, கைக்கு அகப்பட்ட ஒரு ஜோடியை இழுத்து மாட்டினான்.

மறுபடி மணலில் இறங்கினான். இந்தத் தடவை கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் நடக்கிறவனைப் போல ஆற அமரத் தண்ணீர் வரை போய், திரும்பி வந்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

பூரணத்தம்மாளும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படகுக்காரர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் குனிந்து, துரையின் காலைத் தொட்டுப் பார்த்தான்.

"முதலியாரே, இது என்ன விலைன்னு கேளுங்க."

அரங்க முதலியார் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்குள் நத்தானியேல் மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டான்.