மகாராணியை மிளகு போட்டு வதக்கிய வழக்கு

கடலோரத்தில் திரைக்கோட்டை என்று ஒரு சின்ன ராஜ்ஜியம். அதை ஆண்ட வீரமகர பூபதிக்குப் போரும் கிடையாது, பகையும் கிடையாது. அதனால் பொழுது போகவில்லை. பொழுது போகாத ராஜாவுக்கு என்ன ஆசைதான் வராது? இவருக்கு நத்தை ஆசை வந்தது.

ஒரு நாள் கடற்கரையில் உலாவப் போனவர் குனிந்து ஒரு நத்தையை எடுத்தார்.

"இதன் பெயர் என்ன?"

"நத்தை, மகாராஜா" என்றான் காவலன்.

வேறொன்றை எடுத்தார். "இது?"

"அதுவும் நத்தைதான்."

"அது வழவழவென்று இருக்கிறது, இது சொரசொரவென்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா? என் கரையில் வாழும் ஜீவன்களுக்குத் தனித்தனியாகப் பெயர்கூட இல்லையா?"

பெயர் வைக்கும் வேலையை உடனே ஏற்றுக்கொண்டார் ஆஸ்தான பண்டிதர் தாண்டவமூர்த்தி. அதுவரை நத்தையை ஏறெடுத்தும் பார்க்காதவர். ஆனால் ஒரு விதி வைத்துக்கொண்டார்: பார்வைக்கு வேறாக இருந்தால் வேறு இனம். வரி இருந்தால் ஓர் இனம், வரி அழிந்திருந்தால் இன்னோர் இனம். ஈரமாகப் பார்த்த நத்தையையே காய்ந்த பிறகு பார்த்து, "ஆகா, புதிது!" என்று குதித்தார்.

பெயர் வைப்பதில்தான் அவர் சாமர்த்தியம் இருந்தது. உருண்டையான நத்தைக்கு ராஜாவின் பெயர். வழவழப்பானதற்கு மகாராணி இரத்தினவல்லியின் பெயர். முள் முள்ளாக இருந்ததற்கு ராஜமாதாவின் பெயரை வைத்துவிட்டு, "முள் இல்லை அம்மா, கிரீடம்" என்று சமாளித்தார். பச்சைப் பாசி தாடிபோலத் தொங்கிய நத்தைக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? "அரச குடும்பத்தின் பெயர் தாங்கிய நத்தையை மிதிப்பது ராஜத்துரோகம்" என்று ஓர் ஆணையும் வாங்கிவிட்டார். கரையெல்லாம் நத்தை. ஜனங்கள் காலை எங்கே வைப்பார்கள்? சிறை நிரம்பியது. நம்புத்தாய் என்ற பெண்ணின் கணவன் வலை இழுக்கும்போது ராஜாவின் சித்தப்பாவை மிதித்துவிட்டான். உள்ளே போட்டார்கள். அடுத்த வாரம் நம்புத்தாயையே சபைக்கு இழுத்து வந்தார்கள்.

கட்டியக்காரன் குற்றத்தை முழங்கினான்:

"இவள் நேற்று மதியம் மகாராணி இரத்தினவல்லியை ஊசியால் குத்தி வெளியே எடுத்து, மிளகு போட்டு வதக்கி, பிள்ளைகளோடு சேர்ந்து தின்றாள்!"

மகாராணி ஆசனத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ ராசா, பேர் தெரியாமத் தின்னுட்டேன்!" என்று அழுதாள் நம்புத்தாய். "வீட்டுக்காரரும் உள்ள கிடக்காரு. புள்ளைங்களுக்கு வேற என்னத்தக் குடுப்பேன்?"

ராஜாவுக்கு மனம் இளகியது. ஆனால் வீம்பு இளகவில்லை. "நான் போட்ட ஆணையை நானே எடுத்தால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? பெயர்கள் தப்பு என்று பண்டிதரே தன் வாயால் சொல்லட்டும், விட்டுவிடுகிறேன்."

பண்டிதராவது, தப்பென்று சொல்வதாவது! அவர் புன்னகையோடு தாடியைத் தடவிக்கொண்டார்.

அப்போது மருதப்பிள்ளை எழுந்தார். அவருக்குச் சபையில் என்ன உத்தியோகம் என்று யாருக்கும் தெரியாது. ராஜாவைச் சிரிக்க வைப்பார், அதனால் யாரும் கேட்டதில்லை. பாறையோரம் அடிக்கடி உலாவுகிறவர் என்பது மட்டும் தெரியும்.

"மகாராஜா, தண்டனைக்கு முன்னால் நத்தைகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே?"

"நத்தை பேசுமா?"

"பேசாது. ஆனால் தன் இனம் எது என்று அதற்குத் தெரியும். ஜோடி சேர்ந்தால் தன் இனத்தோடுதான் சேரும். தொட்டியில் கடல்நீர் நிரப்பி, ஒரு பெயருக்கு ஒரு நத்தையாக விட்டுப் பார்ப்போம். எல்லாம் வேறு வேறு இனம் என்றால் எதுவும் எதோடும் சேராது. பண்டிதர் சொன்னது உறுதியாகிவிடும்."

"தாராளமாக!" என்றார் பண்டிதர். "என் இனங்கள் ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது."

மறுநாள் காலை சபை கூடியது. கட்டியக்காரன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"என்ன தெரிகிறது? உரக்கச் சொல்!" என்றார் ராஜா.

"மகாராஜா அவர்கள்... மூலையில், ஓட்டுக்குள், தனியாக முடங்கிக் கிடக்கிறார்."

"ம்... மகாராணி?"

"மகாராணி..." கட்டியக்காரன் பண்டிதரை ஓரக்கண்ணால் பார்த்தான். "மகாராணி நம் தாண்டவமூர்த்திப் பண்டிதரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார். கையை விட்டுப் பிரிக்கப் பார்த்தேன். வரமாட்டேன் என்கிறார்."

ராஜாவின் கை மெல்ல உடைவாளுக்குப் போனது.

"மகாராஜா!" என்று அலறினார் பண்டிதர். "அது இரண்டும் ஒரே இனம்! பாசி மட்டும்தான் வித்தியாசம்! சுரண்டினால் ஒன்றுதான்!"

"அப்படியானால் மகாராணியும் நீரும் ஒரே இனமா?"

"ஐயையோ, இல்லை! வேறு வேறு!"

"வேறு வேறு என்றால் உமக்கும் அவளுக்கும் என்ன ஒட்டுறவு?"

"பெயர்! பெயர்தான் தப்பு, மகாராஜா! நான் வைத்த பெயர் அத்தனையும் தப்பு! அது வெறும் நத்தை!" என்று தடாலென்று காலில் விழுந்தார் பண்டிதர்.

முதலில் சிரித்தது மகாராணிதான். "ராஜமாதா யாரோடு இருக்கிறார் என்று கேட்கவில்லையே?" என்றாள்.

"கேட்காதே! கேட்கவே கேட்காதே!" என்ற ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றே பெயர்கள் ரத்தாயின. சிறைக்கதவு திறந்தது. நம்புத்தாய் கணவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். நத்தைகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து பிரிக்கும்படி பண்டிதருக்கு உத்தரவாயிற்று.

ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதப்பிள்ளைக்குப் போட்டார். "இது போதாது. ஒரே ஒரு நத்தைக்கு மட்டும் உம்முடைய பெயரை வைக்கப்போகிறேன்!"

மருதப்பிள்ளை பதறிப்போய்க் கைகூப்பினார்.

"மாலையே போதும், மகாராஜா! அந்த நத்தை இன்றைக்கு எவளோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்பாள். நான் என்ன பதில் சொல்வேன்?"