துண்டை உதறினால் அதிரசம்

கொன்றையூர் ராசா மகிழவர்மனுக்கு வரியில் வந்த காசைவிடச் சூதாட்டக் கூடத்தில் வந்த காசுதான் அதிகம். எல்லாம் அமைச்சர் நுணுக்கராயர் வேலை. மனுஷர் சும்மா இருக்கமாட்டார். கூடத்தில் திரை கட்டி, பின்னால் எழுத்தர்களை உட்காரவைத்தார். எவன் எப்போது கொட்டாவி விடுகிறான், எவன் தோற்றால் மூக்கைச் சொறிகிறான், எல்லாம் ஓலையில் ஏறியது. ஓலைக்கட்டுகளை அடுக்க இடமில்லாமல் யானைக்கொட்டிலைக் காலி பண்ணினார்கள். யானை வெயிலில் நின்றது.

"அரசே, ஆட்டக்காரனை அவன் பெண்டாட்டியைவிட நமக்கு நன்றாகத் தெரியும்" என்று சபையில் பெருமை பேசினார்.

அரசவை விகடகவி சாத்தப்பனுக்கு வயிறு எரிந்தது. அவன் தங்கை புருஷன் வீராண்டி அந்தக் கூடத்தில்தான் உழவு மாட்டைத் தோற்றிருந்தான். அடுத்தது வீடு. சந்தேகமே இல்லை.

"ராசா, அந்தக் கூடத்தை மூடிடுங்க" என்று நேராகவே கேட்டான்.

"ஏன்யா? ஒரு நாளாவது அது நஷ்டப்பட்டிருக்கா?"

"பட்டா மூடுவீங்களா?"

ராசாவுக்குச் சிரிப்பு வந்தது. சூதாட்டக் கூடம் எந்த ஊரில் நஷ்டப்பட்டது? "கண்ணால காட்டு. அன்னைக்கே பூட்டு. காட்டாட்டி, ஆயுசுக்கும் நீ அங்கே தட்டு தூக்கணும்."

"பெரிய தட்டா எடுத்து வைக்கிறேன், சாத்தப்பா" என்றார் நுணுக்கராயர்.

சாத்தப்பன் நேரே கூடத்துக்குப் போனான். வீராண்டி பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், வீட்டை வச்சுப் பார்க்கலாமான்னு..."

"வாயை மூடு மாப்பிள்ளை. எழுந்திரு."

அதிசயமாக வீராண்டி கேட்டான். மடியில் கிடந்த துண்டை எடுத்தான். உதறினான். அது தோளுக்குப் போய்ச் சேரவில்லை, அதற்குள் ஒருத்தன் தட்டோடு ஓடிவந்தான். "சூடா அதிரசம் சாமி. அரண்மனை நெய்." வீராண்டி உட்கார்ந்தான். வாய் மென்றது, கை மறுபடி பகடைக்குப் போனது.

கடுப்பில் சாத்தப்பனும் கிளம்பத் துண்டை உதறினான். அவனுக்கும் ஒரு தட்டு வந்தது. பகடையை அவன் தொடக்கூட இல்லை. தின்றான். மறுபடி உதறிப் பார்த்தான். மறுபடி வந்தது. திரையைப் பார்த்து மென்றுகொண்டே சிரித்தான். யானைக்கொட்டில் நிறைய எழுதிக் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: நம்ம ஊர்க்காரன் எழுந்து போகுமுன் துண்டை உதறுவான். அப்போது வாயில் இனிப்பைத் திணி, உட்கார்ந்துவிடுவான்.

வெளியே வந்து வெற்றிலைக்கடை அங்கம்மாள் காதில் விஷயத்தைப் போட்டான். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றும் கேட்டுக்கொண்டான். அது போதுமே.

மறுநாள் ஊரே கூடத்தில். ஒருத்தனும் பகடையைத் தொடவில்லை. உட்கார்ந்தார்கள், உதறினார்கள், தின்றார்கள். வயல் நிறையக் கொக்கு எழும்பினது மாதிரி வெள்ளைத் துண்டுகள். துண்டு இல்லாத ஒருத்தன் காயப்போட்டிருந்த கோவணத்தைக் கொண்டுவந்து உதறினான். அவனுக்கும் தட்டு வந்தது. துணி அசைந்து தட்டு போகாவிட்டால் கசையடி என்பது அமைச்சர் போட்ட உத்தரவு. பரிமாறுகிறவன் என்ன செய்வான், பாவம்.

"ஆடுங்கய்யா, கொஞ்சம் ஆடுங்க" என்று நுணுக்கராயர் கெஞ்சினார்.

"இருங்க சாமி, வாயில இருக்கு" என்றான் வீராண்டி.

மதியம் ராசாவின் சோற்றுக்கு நெய் வரவில்லை. விசாரித்தால், அரண்மனை நெய், வெல்லம், அரிசிமாவு எல்லாம் கூடத்துக்குப் போய்விட்டதாம். கோபத்தோடு வந்தார். கூட்டத்தில் வேர்த்துக் கொட்டியது. அங்கவஸ்திரத்தை எடுத்து விசிறினார். உடனே மூக்குக்கு நேரே ஒரு தட்டு. ராசா கொஞ்சம் யோசித்தார். தின்றார். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு இன்னொரு தரம் விசிறினார்.

"ராசா, நஷ்டம் எப்படி இருக்கு? பாகு சரியா?" என்று பக்கத்தில் வந்து நின்றான் சாத்தப்பன்.

ராசா வாயைத் துடைத்துக்கொண்டார். "நுணுக்கராயரே, இத்தனை வருஷம் எழுதினீரே. இப்படி ஆகும்னு எந்த ஓலையிலும் இல்லையா?"

அமைச்சர் தலையைச் சொறிந்தார். "ஆட்டக்காரர்களைத்தான் கவனித்தோம், அரசே."

"அவர் மேல தப்பில்லை ராசா" என்றான் சாத்தப்பன். "ஊரைப் படிக்க அவருக்கு ஒரு யானைக்கொட்டில் ஓலை வேண்டியிருந்தது. அவரைப் படிக்க ஊருக்கு ஒரு அதிரசம் போதுமா இருந்தது."

ராசா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே கூடத்தைப் பூட்டச் சொன்னார். தோற்றவன் மாடெல்லாம் அன்று சாயங்காலமே அவனவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.