ஏற்றத்தில் நிறுத்திய வண்டி

“நின்ன எடத்துல பிசிறில்லாம ஓடுது, வாத்தியாரம்மா. ஏத்தத்துல மட்டும் மூச்சு முட்டி நின்னுடுது. என்ன குத்தம்?”

கேட்டவர் சடையன். மலைமேல் இருக்கும் அவருடைய ஊருக்கு ரோடு கிடையாது. நோயாளிகளைக் கீழே கொண்டுவர அவருடைய ஏடிவி வண்டி ஒன்றுதான் வழி. நாலு தடித்த சக்கரங்கள், பின்னால் ஒரு சீட்டு.

பதில் சொல்ல வேண்டியவர் பரிபூரணம். அடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், சடையனைவிட வயதில் சின்னவர். தொழிலில் அவர்தான் குரு. அதில் சடையனுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

“என்ன மாத்தினீங்க, அண்ணே?”

“நல்லா காத்து இழுக்கட்டும்னு ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டிட்டேன். சைலன்சரும் திறந்ததா போட்டேன். கிளம்பினதுமே மேல வரைக்கும் சத்தம் கேக்கும். சனங்க நோயாளியைப் பாதைக்குத் தூக்கியாந்து தயாரா இருப்பாங்க.”

“ஜெட்?”

கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளைதான் ஜெட்.

“பழசுதான். ஸ்குரூவைத் திருப்பித் திருப்பிக் காதுக்குச் சரியா வச்சேன்.”

சடையனுக்குக் கை நல்ல கை. காதுதான் கொஞ்சம் தற்பெருமை பிடித்தது.

“எங்க நின்னுச்சு?”

சடையன் தரையைப் பார்த்தார்.

“குப்பாயி வீட்டுக்கு ஒரு வளைவு கீழ. அவ புருஷனுக்கு நெஞ்சுவலி. சத்தம் கேட்டு, அவரைப் பாதையில படுக்க வச்சுக் காத்துக்கிட்டு இருந்தா. நான் கீழ செல்ஃபை அமுக்கிக்கிட்டே இருந்தேன். கடைசியில ஆளுங்க கம்புல தொட்டில் கட்டித் தூக்கிட்டு ஓடினாங்க. பாதி வழியிலயே போயிட்டாரு.”

பரிபூரணம் சில ஜெட்டுகளையும் ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார்.

“வண்டியை எடுங்க.”

“இங்கயே வச்சு ட்யூன் பண்ணிடலாமே?”

“அவரு இங்கயா செத்தாரு?”

சடையன் வண்டியை எடுத்தார்.

அந்த வளைவில் இன்ஜின் இருமத் தொடங்கியது.

“அணைங்க.”

“இங்கயா? இந்த எடத்துல என்னால நிக்க முடியாது, வாத்தியாரம்மா.”

“தெரியும். அணைங்க.”

அணைத்தார்.

பரிபூரணம் பெட்ரோலுக்குப் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்துக் காட்டினார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“பட்டினி,” என்றார். “காத்தைக் கூட்டினீங்க. பெட்ரோலைக் கூட்டலை.”

பெரிய ஜெட்டைப் போட்டார். மறுபடியும் அடிவாரம், மறுபடியும் ஏற்றம், மறுபடியும் அதே வளைவில் அணைத்தார்கள். இம்முறை பிளக் கரி அப்பிக் கிடந்தது.

“இப்ப தீனி அதிகம்.”

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜெட். திரும்பவும் கீழே போய் ஏறி வந்தார்கள். வண்டி இருமவில்லை. அந்த இடத்தில் சடையனே அணைத்தார், யாரும் சொல்லவில்லை. பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.

“சரியாயிடுச்சா?”

“என்னை ஏன் கேக்கறீங்க?”

பரிபூரணம் மேலே பார்த்தார். சடையனும் பார்த்தார்.

பாதையில் குப்பாயி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டு ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் ஒரு போர்வை.

“யாருக்கு என்ன, அண்ணே?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல, தாயி. வண்டியைச் சரி பண்றோம். இப்ப சத்தம் எப்படி இருக்கு, கேட்டியா?”

“அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு.”

பரிபூரணம் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

சடையன் வண்டியைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினார்.

“நீ இங்கயே இரு, தாயி. நான் கீழ போயி, எங்கயும் நிக்காம ஏறி வர்றேன்.”

குப்பாயி போர்வையை இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“சத்தத்துக்கு இனிமே வரமாட்டேன், அண்ணே. வந்து சேர்ந்துட்டுக் கூப்பிடுங்க.”