மூங்கில் சபாவும் மத்தளப் பாறையும்

ஒரு காட்டில் நடந்தது என்று இந்தக் கதையைச் சொல்ல முடியாது, குழந்தைகளே. இது இரண்டு காட்டில் நடந்தது. நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தக் கரையில் மூங்கில்காடு, அந்தக் கரையில் பாறைக்காடு. இரண்டிலும் ஒவ்வொரு பாட்டு சபா இருந்தது.

மூங்கில்காட்டுச் சபா சின்னது. சுற்றிலும் மூங்கில், நடுவே கொஞ்சம் இடம், தரையில் ஈரச் சருகு மெத்தை போல் கிடக்கும். சோலைப்பாடி என்ற குருவி ஒரு வளைந்த மூங்கிலின் மேல் உட்கார்ந்து பாடும். அது பாடும்போது கேட்பவர்கள் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விடுவார்கள். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அசையமாட்டார்கள். அந்தக் காட்டு வழக்கம் அது.

பாறைக்காட்டுச் சபா பெரியது. மத்தளப் பாறை என்று பெயர். அடியில் பொந்து விழுந்த பாறை அது. மேலே ஒரு கால் பட்டாலே 'தொம்' என்று அதிரும். வரையாடும் மானும் காட்டெருமையும் அங்கே வந்து கூடுவார்கள். பாட்டு பிடித்தால் குளம்பால் தட்டுவார்கள். பாட்டு தொடங்கத் தாமதமானாலும் தட்டுவார்கள்.

ஓடையில் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் இரண்டு காட்டாருக்கும் இதே பேச்சுதான்.

"எங்க சபாவிலே நூறு பேர் உட்காரலாம். உங்க சபாவிலே நூறு எறும்பு உட்காரலாமா?" என்று கேட்கும் வரையாடு.

"உங்க சபாவிலே நூறு பேர் உட்காரலாம், சரி. பாட்டு எங்கே உட்காரும்?" என்று இங்கிருந்து அணில் கத்தும்.

மூங்கில் சபாவுக்குக் காரியதரிசி ஒரு முயல். பெயர் நெடுஞ்செவி. அந்தக் காட்டிலேயே நீளமான காது அதற்குத்தான். நல்ல முயல், ஆனால் தன்மேல் நம்பிக்கை கிடையாது. மழையில் நனைந்துகொண்டே, "மழை பெய்கிறதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்.

"நம்ம சபா உசத்தியா, அவங்க சபா உசத்தியா?" என்று எல்லாரும் கேட்டபோது, நெடுஞ்செவி ஒரு யோசனை சொன்னது.

"நாம சொன்னா யார் நம்புவாங்க? நாகையாவைக் கூப்பிடுவோம்."

நாகையா ஒரு நல்லபாம்பு. பாட்டு நன்றாக இருந்தால் படமெடுத்து ஆடுவார். இல்லாவிட்டால் சுருண்டு படுத்துவிடுவார். அவர் ஆடினால் அந்தப் பாடகருக்கு ஏழு காட்டில் கச்சேரி. படுத்தால், அவ்வளவுதான்.

நெடுஞ்செவி போய்க் கும்பிட்டு, முன்னங்காலால் மூங்கில் தோப்பைக் காட்டியது. நாகையா புறப்பட்டு வந்தார்.

"வாங்க ஐயா, வழியிலே மழையா?" என்று கேட்டது நெடுஞ்செவி.

"இல்லை தம்பி, இப்பத்தான் சாப்பிட்டேன். தவளையெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்றார் நாகையா.

முன்வரிசையில் இருந்த தவளை ஒரே தாவில் கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

"மழையைப் பத்திக் கேட்டா சாப்பாட்டைப் பத்திச் சொல்றாரே" என்றது அணில்.

"பெரியவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும். நமக்குத்தான் புரியலை" என்று நெடுஞ்செவி அதன் வாயை அடைத்தது.

அன்று சாயங்காலம் சோலைப்பாடி பாடியது. என்ன பாட்டு அது! முள்ளம்பன்றி தன் முள்ளையெல்லாம் அடக்கிக்கொண்டது. நெடுஞ்செவியின் இரண்டு காதும் தாமாகவே நிமிர்ந்தன. முதுகில் ஒவ்வொரு மயிராகச் சிலிர்த்தது. கடைசிச் சுரம் முடிந்தபோது ஒரு சருகு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

எல்லாரும் மெல்லத் திரும்பி நாகையாவைப் பார்த்தார்கள்.

நாகையா சுருண்டு படுத்திருந்தார்!

நெடுஞ்செவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்பிட்டபடி அவர் முன்னால் போய் நின்றது. நாகையா தலையைத் தூக்கினார்.

"எல்லாரும் என்னையே பார்க்கிறீர்கள். சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சபாவில் பாட்டே இல்லை. ஒரு துளிகூட இல்லை. பாறைக்காட்டில் நாதம் வயிற்றில் புகுந்து முதுகில் ஏறுகிறது. இங்கே என்ன ஏறுகிறது? ஈரம்தான் ஏறுகிறது!"

சொல்லிவிட்டு ஊர்ந்து போய்விட்டார்.

'பாட்டே இல்லையா? அப்படியென்றால் இத்தனை வருஷம் நாம் கேட்டது என்ன?' ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கப்பட்டார்கள்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது" என்றது முள்ளம்பன்றி, முள்ளை விரித்துக்கொண்டே.

அப்போது தோப்புக்கு வெளியிலிருந்து யானை எட்டிப் பார்த்தது. இளமூங்கில் என்றால் அதற்கு உயிர். ஆனால் சபா இருக்கிறதே என்று இத்தனை நாள் ஒரு குருத்தைக்கூடத் தொடவில்லை.

"பாட்டு இல்லேன்னு ஆயிடுச்சு. அப்ப இது வெறும் மூங்கில்தானே? எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்றது யானை.

யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் காரியதரிசியைப் பார்த்தார்கள்.

நெடுஞ்செவி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளன்னைக்குக் காலையிலே வந்து சாப்பிட்டுக்கோங்க" என்றது. "நம்ம ஆளுங்களுக்கு நான் பாறைக்காட்டுச் சபாவிலே இடம் கேட்டு வரேன்."

எல்லாரும் போன பிறகும் சோலைப்பாடி மூங்கிலை விட்டு இறங்கவில்லை.

"அண்ணே, நீங்களும் கேட்டீங்கதானே? எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. ஆனா நாகையா..."

"அவரை விடுங்க. உங்க காதுக்கு எப்படி இருந்தது?"

"என் காது என்னம்மா பெரிய காதா?" என்றது நெடுஞ்செவி.

சோலைப்பாடி அந்த இரண்டு காதையும் அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தது. பிறகு சொன்னது:

"என் குஞ்சுகளுக்கு நான் பாடக் கற்றுக்கொடுத்த இடம் அண்ணே இது. நாளன்னைக்குக் காலையிலே கடைசியா ஒரு கச்சேரி பாடிட்டுப் போறேன். யாரும் வர வேண்டாம்."

மறுநாள் நெடுஞ்செவி ஓடையைத் தாண்டிப் பாறைக்காட்டுக்குப் போனது. மத்தளப் பாறையைப் பார்த்ததும் மலைத்துப்போனது. எவ்வளவு பெரிய இடம்! எவ்வளவு கூட்டம்! நடுவில் ஓர் உயரமான கல்மேடை. அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில் நாகையா.

"வாங்க வாங்க காரியதரிசி! கடைசியிலே எங்ககிட்டத்தானே வந்தீங்க?" என்று வரையாடு சிரித்தது. "அங்கே நாகையா பக்கத்திலே உட்காருங்க. இன்னிக்குக் கௌதாரி கச்சேரி."

நெடுஞ்செவி பயபக்தியோடு நாகையாவின் பக்கத்தில் போய் ஒடுங்கி உட்கார்ந்தது.

நேரம் ஆயிற்று. கௌதாரியைக் காணவில்லை. கூட்டம் பொறுமை இழந்தது. முதலில் ஒரு மான் காலைத் தட்டியது. பிறகு பத்து வரையாடுகள் தட்டின. பிறகு காட்டெருமைகள் சேர்ந்துகொண்டன. தொம்! தொம்! தொம்! பாறை அதிர்ந்தது. நெடுஞ்செவி இரண்டு காதையும் மடக்கிக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அப்போது பக்கத்தில் ஏதோ எழுந்தது. பார்த்தால், நாகையா படமெடுத்து நிற்கிறார்! இடமும் வலமுமாக ஆடுகிறார்!

"ஆகா! ஆகா! என்ன பாட்டு! இந்தப் பாட்டைக் கேட்கத்தான் இந்த உடம்பு!" என்றார்.

நெடுஞ்செவி திடுக்கிட்டு மேடையைப் பார்த்தது. மேடை காலி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தது. அப்போதும் காலி.

"ஐயா, பாடகர் இன்னும் வரவேயில்லையே?" என்றது.

"ஆமாம் தம்பி, ரொம்ப வெயில்தான்" என்றார் நாகையா, ஆடிக்கொண்டே. வானத்தில் மேகம் மூடியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கௌதாரி அரக்கப்பரக்க ஓடி வந்து மேடை ஏறியது. தட்டல் நின்றது. கௌதாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்கியது. அதுவும் நல்ல பாட்டுதான். மடங்கியிருந்த முயல் காது இரண்டும் மெல்ல நிமிர்ந்தன.

நாகையாவோ படத்தைச் சுருக்கினார். சுருண்டார். படுத்துவிட்டார்.

"முடிந்துவிட்டதா? அதற்குள்ளேயா?" என்று முனகினார்.

நெடுஞ்செவி மெல்ல எழுந்து நாகையாவின் தலைக்கு அருகே குனிந்தது. இந்தப் பக்கம் பார்த்தது. காது இல்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது. அங்கேயும் இல்லை!

"ஐயா!" என்றது. பதில் இல்லை.

"நாகையா!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கௌதாரியே பயந்து பாட்டை நிறுத்திவிட்டது. நாகையா அசையவில்லை.

முயல்களுக்குப் பயம் வந்தால் பின்னங்கால் தரையைத் தானாகத் தட்டும். நெடுஞ்செவிக்கும் அப்போது தட்டியது. டொப், டொப், டொப்.

சட்டென்று நாகையா படமெடுத்து எழுந்தார். "ஆகா! அடுத்த பாட்டு! முந்தியதைவிட மென்மை!"

வரையாடு வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"காரியதரிசி... அப்ப இத்தனை வருஷமா அவர் ஆடினது...?"

"உங்க காலுக்கு" என்றது நெடுஞ்செவி. "பாவம், அவர் மேலே குத்தமில்லை. வயித்திலே ஏறுறதைத்தான் பாட்டுன்னு நினைச்சிருக்கார். யாரும் வேற மாதிரி சொன்னதில்லை. சொன்னாலும் அவருக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. முயலுக்கு யானை ஞாபகம் வந்துவிட்டது. நாளைக் காலையில் யானை!

பாய்ந்து ஓடியது. ஓடைக்கு வந்தால், மேலே எங்கோ பெய்த மழையில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. வரும்போது மிதித்துத் தாண்டிய கல் ஒன்றையும் காணோம். நெடுஞ்செவி கரையோரமாகவே மேற்கே ஓடியது. மலையடிவாரத்தில் ஒரு மரம் ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. அதைக் கண்டுபிடித்து, அதன்மேல் நகர்ந்து நகர்ந்து இந்தக் கரைக்கு வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அங்கிருந்து தோப்புக்கு வருவதற்குள் சூரியன் உச்சிக்கு ஏறிவிட்டது.

'போச்சு. என்னிடம் இரண்டு காது இருந்தும் எல்லாம் போச்சு' என்று அழுதுகொண்டே தோப்பின் வாசலுக்கு வந்தது.

வந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மூங்கில்கூடக் குறையவில்லை. தோப்பு முழுவதும் அப்படியே இருந்தது. வாசலில் யானை நின்றது. அதன் தும்பிக்கை ஓர் இளமூங்கிலைச் சுற்றியிருந்தது, ஆனால் இழுக்கவில்லை. எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் அந்தப் பெரிய காது இரண்டும் ஆடாமல் விரிந்து நின்றன.

உள்ளே, வளைந்த மூங்கிலின் மேல் சோலைப்பாடி பாடிக்கொண்டிருந்தது.

"யானை அண்ணே, சாப்பிடலையா?" என்று நெடுஞ்செவி மூச்சு வாங்கக் கேட்டது.

"உஸ்! மெதுவாப் பேசு" என்றது யானை. "விடியும்போதே வந்துட்டேன். சரி, இந்தப் பாட்டு முடியட்டும்னு நின்னேன். அடுத்தது ஆரம்பிச்சிடுச்சு. இதுவும் முடியட்டும்னு நின்னேன். எனக்குப் பசி உயிர் போகுது. ஆனா இழுத்தா மூங்கில் சத்தம் போடுமே?"

"பாட்டே இல்லேன்னு நாகையா சொன்னாரே?"

"அவர் சொன்னார்தான். நானும் நம்பினேன்தான். அதுக்கு நான் என்ன பண்றது? என் காதுலே விழுந்துக்கிட்டே இருக்கே!"

நெடுஞ்செவி யானையின் காலோடு ஒட்டி உட்கார்ந்து, நீளமான காது இரண்டையும் நிமிர்த்திக்கொண்டது.

யானை, சுற்றிய தும்பிக்கையை ஒரு சருகுகூட அசையாதபடி அவ்வளவு மெல்லப் பிரித்து எடுத்தது.

அடுத்த மழைக்காலத்தில் நாகையா மறுபடியும் மூங்கில் சபாவுக்கு வந்தார். அவரை முன்வரிசையில், ஒரு தட்டைக் கல்லின் மேல் உட்காரவைத்தார்கள். கச்சேரி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, நெடுஞ்செவி அந்தக் கல்லைப் பின்னங்காலால் கொஞ்ச நேரம் தட்டியது. நாகையா ஆசை தீர ஆடினார்.

"இந்தச் சபா இப்ப எவ்வளவோ முன்னேறிவிட்டது!" என்றார்.

நெடுஞ்செவி கும்பிட்டு வழியனுப்பியது. "பாட்டு எப்படி இருந்தது?" என்று மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நீதி: நீயே கேட்டு மகிழ்ந்ததை, இன்னொருவர் தலை ஆடியதா என்று பார்த்துத் தள்ளிவிடாதே.